வாடகை டம்ப்ஸ்டரை எடுக்காமல் லாரி திரும்பிவிட்டது. என்ன விதிமீறல்? அவசர உதவி தேவை

நீலக்கதவு:
வீட்டுச் சீரமைப்புக்காக டம்ப்ஸ்டர், அதாவது இடிபாட்டைப் போடும் பெரிய தொட்டி, வாடகைக்கு எடுத்திருந்தோம். இன்று காலை எடுத்துச் செல்ல லாரி வந்தது. ஓட்டுநர் பக்கவாட்டில் ஏறிப் பார்த்தார், கைப்பேசியில் படம் பிடித்தார், "இது இப்படியே வராது, விதிமீறல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எது விதிமீறல் என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். நாளை மறுநாள் மீண்டும் வருவார்களாம். அதற்குள் சரிசெய்யாவிட்டால் வீண் பயணக் கட்டணம் சேரும். உள்ளே இருப்பது வழக்கமான வீட்டு இடிபாடுதான். எதை வெளியே எடுக்க வேண்டும்? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

எடைமேடை:
எடைதான் காரணம், வேறு எதுவும் இருக்காது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2400 கிலோ. உடைத்துப் போட்டால் இடுக்குகள் விழும், அப்போதும் ஒன்றரை டன் அளவுக்கு வரும். பெரிய தொட்டியில் கல்லும் மண்ணும் விளிம்புவரை நிரப்பினால் எந்த லாரியாலும் தூக்க முடியாது, தூக்கினாலும் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. கனமான சரக்கைச் சிறிய தொட்டியில் போடச் சொல்வது அதனால்தான். பாதியை இறக்குங்கள்.

சாந்துக்கரண்டி:
பாதியை இறக்கச் சொல்வதற்கு முன் உள்ளே கல்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? நீலக்கதவு, "வழக்கமான இடிபாடு" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புலப்படாது. தொட்டியின் அளவு என்ன? விளிம்புக்கு மேலே குவிந்திருக்கிறதா? எந்தெந்தப் பொருள் உள்ளே போயிருக்கிறது? வீடு எந்தக் காலத்தில் கட்டியது?

வாசற்படி:
தொட்டி எங்கே நிற்கிறது? உங்கள் நிலத்திலா, பொதுச் சாலையிலா? சாலை ஓரத்தில் வைக்கப் பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும். இரவில் ஒளிரும் பட்டையோ விளக்கோ பொருத்த வேண்டும். அனுமதிக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

மூத்ததச்சன்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "ஏற்கப்படாத பொருள்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். தொட்டி வந்து இறங்கும் முன்பே அதைப் படித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் படிக்காமல் விட்டால் அதற்கு ஓட்டுநர் என்ன செய்வார்? குப்பை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்து இந்த வேலையில் இறங்கக் கூடாது. முதலில் பட்டியலைப் படியுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்.

நீலக்கதவு:
அனைவருக்கும் நன்றி. தொட்டி எங்கள் நிலத்தில்தான் நிற்கிறது. குளியலறை ஓடு, ஜிப்சம் பலகை, மரச்சட்டம், பழைய அலமாரி, பின்கொட்டகையின் கூரைத் தகடு, கொஞ்சம் பெயின்ட் டப்பா, ஓடாத குளிர்சாதனப் பெட்டி. இரவில் யாரோ ஒரு மெத்தையையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே சற்றுக் குவிந்துதான் இருக்கிறது.

செம்புக்குழாய்:
குளிர்சாதனப் பெட்டி! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அதன் குழாய்களில் குளிரூட்டும் வாயு இருக்கிறது. மிகப் பழைய பெட்டி என்றால் ஆர்-12, ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கைதான் அதற்கு முடிவு கட்டியது. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது எரியக்கூடிய ஐசோபியூட்டேன். ஆகவே எந்தக் காலத்துப் பெட்டியானாலும் தொட்டியில் போட்டு நசுக்கக் கூடாது. வாயுவை உறிஞ்சி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, எடுத்ததற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். செம்புக்கு ஆசைப்பட்டு யாரையும் குழாயை வெட்ட விடாதீர்கள்.

சாந்துக்கரண்டி:
பெட்டி ஒருபுறம் இருக்கட்டும். எனக்குக் கவலை தருவது கூரைத் தகடு. எப்படிப்பட்ட தகடு அது? துத்தநாகம் பூசிய இரும்பா, அலை அலையாக வளைந்த சாம்பல் நிறச் சிமென்ட் தகடா?

வெள்ளையடிப்பு:
பெயின்ட் டப்பாவையும் விட்டுவிடாதீர்கள். திரவம் எதையும் தொட்டியில் போடக் கூடாது. தண்ணீரில் கரையும் பெயின்ட் என்றால் மணலோ மரத்தூளோ கலந்து, மூடியைத் திறந்து வைத்துக் கட்டியாக உறைய விடுங்கள். பிறகு சாதாரணக் குப்பையோடு போகலாம். எண்ணெய் பெயின்ட், தின்னர், வார்னிஷ் மூன்றும் அபாயகரக் கழிவு, அவற்றைத் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

மூத்ததச்சன்:
உறைந்தாலும் பெயின்ட் பெயின்ட்தான். எத்தனையோ உள்ளாட்சிகள் டப்பாவைக் கண்டாலே முழு வண்டியையும் திருப்பி அனுப்புகின்றன. அரைகுறையாகத் தெரிந்ததைப் பொது விதியாக எழுதாதீர்கள்.

வெள்ளையடிப்பு:
ஐயா, அரைகுறை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நீரில் கரையும் பெயின்ட்டுக்கும் எண்ணெய் பெயின்ட்டுக்கும் வேறுபாடு பார்ப்பதே பல இடங்களில் விதி. உறைந்த டப்பாவை மூடி இல்லாமல் வையுங்கள், உள்ளே திரவம் இல்லை என்று ஊழியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுத்திலேயே கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் மறுத்தால் அது உங்கள் ஊர் விதி.

மூத்ததச்சன்:
நான் சொன்னதும் அதுதான், ஊருக்கு ஊர் மாறும். மாறும் ஒன்றை "போகலாம்" என்று அறுதியிட்டுச் சொன்னதைத்தான் தவறு என்கிறேன்.

எடைமேடை:
பெயின்ட் நனைந்த துணிகளைப் பற்றி யாருமே பேசவில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ட்ரில் இயந்திரத்தின் லித்தியம் பேட்டரியும் அப்படித்தான், கழிவு வண்டியில் நசுங்கினால் தீ. இவற்றால் ஊழியர்களுக்கு உயிராபத்து. சட்டப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

வாசற்படி:
மெத்தை நம்முடையது இல்லை என்றாலும் பொறுப்பு வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும். வாடகைக்கு விடும் நிறுவனமும் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும், பூட்டுடன் கூடிய மூடியாவது தரலாமே. வாங்கும் பணத்துக்கு ஒரு தார்ப்பாய்கூடத் தருவதில்லை.

மூத்ததச்சன்:
கழிவை உண்டாக்கியவருக்கே முதல் பொறுப்பு. நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாசற்படி:
அந்த மெத்தையை இவர் உண்டாக்கவில்லையே! முதல் பொறுப்பு என்றால் முழுப் பொறுப்பு என்று பொருள் இல்லை. எடுத்துச் செல்பவர் முறையான இடத்தில் கொட்டுகிறாரா என்பதும் கழிவுச் சட்டங்களில்தான் வருகிறது. எங்கே கொட்டப்பட்டது என்ற ரசீதை வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவரை புறம்போக்கில் கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

நீலக்கதவு:
சாந்துக்கரண்டி, நீங்கள் கேட்டது சாம்பல் நிற அலைத் தகடுதான். நான்கைந்து இருக்கும், குவியலின் மேலேயே கிடக்கின்றன. ஒன்று விரிசல் விட்டு மூலை உடைந்திருக்கிறது. உடைந்த விளிம்பில் வெண்மையான மெல்லிய நார்கள் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொட்டகை எப்போது கட்டியது என்று தெரியவில்லை, நாங்கள் வாங்கும்போதே இருந்தது. கீழே இறக்கி உடைத்து, பையில் கட்டிவிடலாமா?

சாந்துக்கரண்டி:
வேண்டாம், தொடாதீர்கள்! அது கல்நார்த் தகடாக இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்வது. கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது, கல்நார் இல்லாமல் மரநார் கலந்து செய்த தகடுகளும் இதே தோற்றத்தில் இருக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். கட்டிய ஆண்டும் முழு விடை தராது. பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003-இன் இறுதியிலும் முழுத் தடை கொண்டுவந்தன, ஆனால் இன்றும் விற்கப்படும் நாடுகள் உண்டு. முடிவு தெரியும்வரை கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு முழுதாகக் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தால், அறுத்தால், இழுத்தால் நார்த்தூள் காற்றில் ஏறும். அது நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டு வேக்யூம் கிளீனரும் கூடாது. உரிமம் பெற்றவர்கள் வந்து ஈரப்படுத்தி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, அதற்கென உள்ள இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

இன்னொன்று. கல்நார்த் துண்டுகள் மற்ற இடிபாட்டுடன் கலந்துவிட்டால் பல இடங்களில் முழுத் தொட்டியையுமே கல்நார்க் கழிவாகக் கணக்கிடுவார்கள், செலவு பன்மடங்காகும். இப்போது மேலாகக் கிடப்பது நல்லதாகப் போயிற்று. நிறுவனத்துக்கு இன்றே போன் செய்து, "கூரைத் தகடு கல்நாராக இருக்கலாம், பரிசோதனை முடியும்வரை எடுக்க வர வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். மறைத்து அனுப்பினால் தரம்பிரிக்கும் இடத்தில் வெறுங்கையால் கிளறும் தொழிலாளிதான் அதைச் சுவாசிப்பார்.

செம்புக்குழாய்:
முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்ன பெட்டியையும் இப்போது எடுக்கப் போகாதீர்கள், தகடுகள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடைமேடை:
ஆனாலும் தகடுகள் போன பிறகு குவியலை விளிம்புக்குச் சமமாக இறக்கத்தான் வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் தார்ப்பாய் மூட வராது. ஜிப்சம் பலகையையும் தனியாக வையுங்கள். காற்றுப் புகாத குப்பைமேட்டில் ஈரம் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அதனால் பல இடங்களில் கலந்து போட விடுவதில்லை.

நீலக்கதவு:
சுருக்கமாகச் சொல்கிறேன், வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டுநர் படம் பிடித்தது கூரைத் தகட்டைத்தானாம், அலுவலகத்தில் இப்போது சொல்கிறார்கள். தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. உரிமம் பெற்றவர் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு, தகடுகளை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குளிர்சாதனப் பெட்டியை அதன் பிறகு தனியாக ஒப்படைப்போம். எல்லோருக்கும் நன்றி.

வாசற்படி:
மகிழ்ச்சி. கொட்டிய இடத்தின் ரசீதை மறக்காமல் கேளுங்கள்.

சாந்துக்கரண்டி:
பரிசோதனை முடிவு வந்ததா? குளியலறைத் தரையிலும் பழைய வினைல் ஓடு இருந்ததா? இருந்தால் ஓட்டையும் அதன் அடியில் உள்ள கறுப்புப் பசையையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இரண்டிலும் கல்நார் இருக்க வாய்ப்புண்டு.

சாந்துக்கரண்டி:
நீலக்கதவு, முடிவு தெரிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். இதே போன்ற தகட்டோடு இன்னும் பலர் வருவார்கள்.