நம் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் கால் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நான் வைத்திருக்கிறேன், அதனால் நானே ஆரம்பிக்கிறேன். இப்போது ஓடுகிற புது விக்ராந்த் இல்லை, 1997 ஜனவரி 31இல் ஓய்வு பெற்ற பழையது. வேலை தேடி மும்பை மாதுங்காவில் சித்தப்பா வீட்டில் கிடந்த காலம், 2006. டிசம்பரில் கடற்படை வாரம் வந்தது, "வீட்ல சும்மா உட்காராதடா, போய்ப் பாரு" என்று சித்தப்பா காலையிலேயே கிளப்பிவிட்டார். அப்போது அது மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது.

நீளம் 213 மீட்டர் என்று சொன்னால் ஒன்றும் புரியாது. மேல்தளத்தில் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் நிற்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். தளம் முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, வெயிலில் செருப்பைத் தாண்டிச் சுட்டது. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த மேடு ஒன்று இருக்கும், சீ ஹாரியர் விமானங்கள் எகிறிப் பறப்பதற்காகப் பிற்பாடு கட்டியது. அதற்கு முன்பு நீராவியால் இழுத்து எறிகிற கேட்டபுல்ட்தான். உள்ளே வாசல் ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்கு இரும்புப் படி, நான் மூன்று தடவை இடித்துக்கொண்டேன், முன்னால் போன ஆறு வயதுப் பையன் ஒருதடவை கூட இடிக்கவில்லை. பாய்லர் இருக்கிற பக்கம் போகும் ஏணியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். எனக்கு அதைத்தான் பார்க்க ஆசை, ஏனென்றால் 1971 பாகிஸ்தான் போரில் அந்தக் கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது என்று படித்திருந்தேன்.

---

அண்ணே, 71 என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் தாத்தா மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். போருக்குச் சில மாதம் முன்பு விக்ராந்த் அங்கே வந்து நின்றதைப் பார்த்ததாகக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து சத்தமில்லாமல் அந்தமானுக்கு. கப்பல் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று பாகிஸ்தானை நம்பவைக்க ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற வேறொரு போர்க்கப்பலை அனுப்பி, பெரிய கப்பல் பேசுகிற மாதிரி வயர்லெஸ்ஸில் பேசவிட்டார்கள். "அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது" என்று விக்ராந்த் மாலுமி ஒருவர் கேட்பதுபோல ஒரு தந்திகூட வேண்டுமென்றே அடித்தார்களாம்! விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை, அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.

---

நான் கப்பலில் ஏறியதில்லை. ஆனால் அந்தக் கயிற்றுக்குக் கீழே இருந்தவர் எங்கப்பா. நாகர்கோவில் பக்கம், 18 வயதில் கடற்படையில் சேர்ந்து ஸ்டோக்கர், அதாவது பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் மாலுமி ஆனவர். மற்றவர்கள் இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற சிட்டகாங், காக்ஸ் பஜார் என்று குண்டு போட்ட கதை கேட்டு வருவார்கள், இவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சீ ஹாக் விமானம் எழும்பியதையும் பார்க்கவில்லை, அலிசே விமானம் திரும்பியதையும் பார்க்கவில்லை. "கேட்டபுல்ட் அடிச்சா இங்க ஊசி இறங்கும்மா, அத வச்சுத்தான் ஒண்ணு போயிருச்சுன்னு தெரியும்" என்பார். மேலே விமானத்தைத் தூக்கி எறிகிற நீராவி இவர்கள் காய்ச்சியதுதானே, அதனால் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் குறையும், உடனே ஏற்ற வேண்டும், அதையும் ஒரு பாய்லர் குறைவாக வைத்துக்கொண்டு. கப்பல் வேகமாக ஓடினால்தான் விமானம் ஏறுவதற்குத் தளத்தில் காற்று கிடைக்கும், விரிசலால் அந்த வேகமும் குறைவு. விமானிகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும், இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை என்பது என் வருத்தம்.

1943இல் இங்கிலாந்தில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் போட்டு, 1957இல் நாம் வாங்கி, 1961இல் படையில் சேர்த்த கப்பல் அது. "பழைய வண்டி, பாத்துத்தான் ஓட்டணும்" என்று அப்பா மாட்டு வண்டியைச் சொல்வதுபோலச் சொல்வார். 2014இல் 60 கோடிக்கு ஏலம் போய் மும்பையில் உடைக்க ஆரம்பித்த செய்தியை டிவியில் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, சேனலையும் மாற்றவில்லை.

2016இல் தம்பி பஜாஜ் வி வாங்கினான். அதில் விக்ராந்தின் இரும்பு கலந்திருக்கிறது என்று விளம்பரம் வந்ததே, அந்த வண்டி. முற்றத்தில் நிறுத்தி அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். டேங்கைத் தடவிப் பார்த்தார், குனிந்து எஞ்சினைப் பார்த்தார், அப்புறம் கேட்டார், "எந்தப் பாகம்னு போடலியாலே? பாய்லர் இரும்புன்னா கொஞ்சம் பாத்து ஓட்டு."