மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடலை வரைந்து பார்ப்பது மனத்துக்கு உதவுமா?

நொய்யல்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய்க்காகச் சென்ற ஆண்டு இடது மார்பகத்தை முழுவதுமாக அகற்றினார்கள். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது பரிசோதனைக்கு மட்டும் சென்று வருகிறேன். நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால், கண்ணாடிப் பக்கம் திரும்பாமலேயே சேலை கட்டிக்கொள்ளப் பழகிவிட்டேன். வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பதுகூடச் சில நாட்களில் உறுத்துகிறது. மருத்துவமனையில் இருக்கும் மனநல ஆலோசகர், என் உடலை நானே வரைந்து பார்க்கும்படி சொன்னார். பள்ளியில் மாம்பழம் வரைந்ததோடு சரி, அதன் பிறகு நான் எதையும் வரைந்ததில்லை. இதற்காக ஓவிய வகுப்பில் சேர வேண்டுமா, வீட்டிலேயே செய்யலாமா, உண்மையில் பலன் இருக்குமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழம்பூ:
நானும் ஆலோசகராகப் பணிபுரிபவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓவிய வகுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கோடு சரியாக வந்ததா, நிழல் சரியாக விழுந்ததா என்றுதான் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியதோ யாரும் மதிப்பெண் போடாத ஒரு தாள்.

உங்கள் ஆலோசகர் மனத்தில் வைத்திருப்பது உடல் வரைபடம் என்னும் முறையாக இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில், 2002ஆம் ஆண்டு, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்த பம்பனானி மகளிர் குழுவினர், ஓவியர் ஜேன் சாலமனின் வழிகாட்டுதலில் தங்கள் உடல்களை ஆளுயரத்துக்கு வரைந்தார்கள். பொது மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்தைத் தர அந்நாட்டு அரசு தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001இல்தான் அங்கே அந்தச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தது. நோயைப் பற்றி வெளியே சொல்லவே அஞ்சவேண்டிய சூழலில் இருந்த அந்தப் பெண்கள், தங்கள் உடலுக்குள் கிருமி எங்கே இருக்கிறது, அதற்கு என்ன வடிவம், என்ன நிறம் என்பதைத் தாங்களே முடிவு செய்து வரைந்தார்கள். அதே தாளில் பழைய தழும்புகளும், பிள்ளைப்பேறும், பிறந்த ஊரும் இடம்பெற்றதால், நோய் ஒரு பெண்ணின் முழுக் கதையாக இல்லாமல் அதில் ஒரு பகுதியாகத் தெரிந்தது. உங்கள் நிலைக்கு இந்த முறை பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

செய்யும் விதம் எளிது. பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை ஒட்டிச் சேர்த்து, உங்கள் உயரத்தைவிடச் சற்று நீளமாகத் தரையில் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பும் ஒருவர் உங்களைச் சுற்றிக் கோடு இழுக்கட்டும். கயலிட்ஷா முறையில் அந்தத் துணையின் உருவத்தையும் வேறு நிறத்தில், உங்களுக்குப் பின்னால் தாங்கி நிற்பதுபோல் வரைவார்கள். பிறகு வண்ணத்தில் தோய்த்த கைத்தடமும் கால்தடமும் பதிப்பார்கள். உடலில் எந்த இடத்திலிருந்து தமக்கு வலிமை வருவதாக உணர்கிறார்களோ அங்கே ஓர் அடையாளம் வைப்பார்கள். அதற்கும் பிறகுதான் தழும்புகளுக்கு வருவார்கள். எனவே நீங்களும் இடது மார்பில் தொடங்க வேண்டாம். அந்த இடத்தை ஒரு வாரம் வெறுமையாக விட்டு வைத்தாலும் தவறில்லை. முடித்த படத்தை எவருக்கும் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

கரிசல்:
பலன் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டும் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு 45 நிமிடங்கள் விரும்பியதைச் செய்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்னும் சுரப்பு உமிழ்நீரில் குறைந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை அவர்கள் வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் வீட்டு வேலையை மறந்து உட்கார்ந்தாலே குறையும் என்று என் மனைவி சொல்வார், அதையும் மறுக்க முடியவில்லை.

எழுதிப் பார்ப்பதற்கு இதைவிடக் கூடுதலான சான்றுகள் உள்ளன. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களுடைய மனம் கனத்தது. பின்வந்த மாதங்களிலோ, நிகழ்வையும் அதன் உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரைத் தேடிச் சென்றது குறைவாக இருந்தது. இதுபோன்ற 146 ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, பலன் இருக்கிறது, ஆனால் சிறிய அளவிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. ஆகவே முதல் நாள் அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். தூக்கமும் பசியும் நாள்கணக்கில் கெட்டுப்போனால் வரைவதை நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் சொல்லுங்கள். இரவு நேரமாக இருந்தால், டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வைகைக்கரை:
எனக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்தது, எனக்கு வலது பக்கம். தாழம்பூ அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால், தரையில் குனிந்து அந்தக் கையை ஊன்றி வரைய வேண்டாம்; எனக்குக் கை வீங்கிவிட்டது. கோடு இழுத்து முடித்ததும் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றபடி வரையலாம். தோள்பட்டைப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. நான் தழும்பு இருந்த இடத்தில் தையல் போட்டதுபோல் சிவப்பு நூலை ஒட்டினேன். அழகாக வரவில்லை, ஆனால் அன்று மாலை சட்டையின் பொத்தானைக் கழற்றி, நூல் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கண்ணாடியில் சரிபார்த்தேன்.

நொய்யல்:
மூவருக்கும் நன்றி. நெறிக்கட்டிகளை எனக்கும் எடுத்திருக்கிறார்கள், ஆகவே பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். கோடு இழுப்பதற்கு வீட்டுக்காரரைக் கேட்கலாமா என்று முதலில் யோசித்தேன். இப்போதைக்கு அக்காவையே வரச் சொல்லியிருக்கிறேன். தாளைச் சுருட்டி வைக்கவும் அவர் வீட்டுப் பரணில் இடம் இருக்கிறது.