அபராதம் போட்டால் ஆறு சுத்தமாகுமா?

உமையாள் (இசிப்பிங்கோ):
தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் கழிவுநீர் ஆற்றில் கலப்பதும், கடற்கரையை மூடுவதும் வழக்கமாகிவிட்டது. டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சிக்குப் பெரிய அபராதம் போட வேண்டும் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைக் கட்டுவது நம் ரேட்ஸ் (சொத்து வரி) பணம். கெட்டுப்போன ஆறும் நமக்கு, தண்டனையும் நமக்கா? 1998ஆம் வருடத்துத் தேசிய நீர்ச் சட்டப்படி, நீரைக் கெடுத்தால் முதல் குற்றத்துக்கே 5 வருடம் வரை சிறை உண்டு. வழக்கு, நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான நகராட்சி மேலாளர் பெயரிலேயே வரட்டும்.

பிரேம் (சாட்ஸ்வர்த்):
அக்கா, 2022 ஏப்ரல் வெள்ளத்தை விட்டுட்டீங்க. 400 பேருக்கு மேல செத்தாங்க. பம்ப் நிலையம், சுத்திகரிப்பு நிலையம், குழாய் எல்லாம் நாசமாச்சு. மேலாளரை உள்ள தள்ளினா குழாய் சரியாயிடுமா? அப்புறம் அந்த வேலைக்கு நல்ல ஆள் எவன் வருவான்?

உமையாள்:
வெள்ளத்துக்கு முன்னால் சரியாக இருந்ததா தம்பி? நீர்த்துறையின் கிரீன் டிராப் மதிப்பீடு 2021இல் நடந்தது. நாடு முழுக்க 850 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகளில் 334 படுமோசம் என்று அதில் வந்தது. மழையா காரணம்? பழுது பார்க்காமல் விட்டதுதான்.

ராஜ் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அக்கா சொல்வது நடந்திருக்கிறது. வடமேற்கு மாகாணத்தில் கெட்லெங்ரிவியர் நகராட்சி ஆற்றில் கழிவை விட்டது. ஊர்மக்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2020 டிசம்பரில் உயர்நீதிமன்றம் மேலாளருக்கு 90 நாள் சிறை விதித்து, கழிவை நிறுத்தினால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்திவைத்தது. நிலையங்களைச் சங்கமே எடுத்து நடத்தவும் அனுமதித்தது.

பிரேம்:
ராஜ் அண்ணா, அது சின்ன ஊர். வக்கீலுக்குக் காசு கொடுக்க அங்க ஆள் இருந்தாங்க. இங்க டர்பன்ல உம்லாசி ஏழை மக்கள் எங்க போவாங்க? என் கேள்வி காசைப் பத்தினது. கழிவுநீருக்குன்னு பில்லுல வாங்குற பணம் வேற செலவுக்குப் போகுது. அதுக்குத் தனிக் கணக்கு வேணும், அதுலேர்ந்து வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. நிலையத்தை ஓட்டத் தெரிஞ்ச ஆளை வைக்கணும். இது ரெண்டும் இல்லாம யாரை ஜெயில்ல போட்டாலும் கழிவு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

உமையாள்:
தனிக் கணக்கு வேண்டும்தான். அதை வைக்காவிட்டால் யாரைக் கேட்பது? பெயர் சொல்லிக் கேட்க ஒருவர் வேண்டும் அல்லவா? வக்கீல் செலவு கஷ்டம், உண்மை. ஆனால் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் படியுங்கள். பொதுநலனுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகலாம். நியாயமான அக்கறையோடு போனவர் தோற்றாலும், எதிர்த்தரப்புச் செலவை அவர் தலையில் போடாமல் விட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

ராஜ்:
கோர்ட்டுக்கு முன்னால் ஆதாரம் வேண்டும். தகவல் பெறும் சட்டப்படி ஒவ்வொரு நிலையத்தின் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் கேட்போம். 30 நாளில் பதில் தர வேண்டும். கோயில் சபைகளும் கையெழுத்துப் போடலாம். கரகம் எடுக்க ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் நாம்தானே.

பிரேம்:
அந்த மனுல என் கையெழுத்து முதல்ல இருக்கும். ஆனா வழக்குன்னு வந்து மேலாளர் பேரைச் சேர்த்தா, நான் வரமாட்டேன்.

உமையாள்:
முடிவுகள் வரட்டும் தம்பி. மேலாளர் தெரிந்தே கழிவைத் திறந்துவிட்டிருந்தால், அவர் பெயர் இல்லாத வழக்கு மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.