ஏஎஸ்/400: லேசரில் வலப்பக்கம் வெட்டுது, டாட் மேட்ரிக்ஸில் பில் நகருது

பச்சைத்திரை (கேள்வி)

பவர் சர்வர், ஐபிஎம் ஐ 7.4 (பழைய ஏஎஸ்/400-இன் இன்றைய வடிவம்). இரண்டு பிரின்டர். ஒன்று ஏ4 லேசர், நேரடி நெட்வொர்க் இணைப்பு. இன்னொன்று 136 காலம் (வரிக்கு 136 எழுத்து) டாட் மேட்ரிக்ஸ். அதன் பேரலல் போர்ட்டில் சின்ன பிரின்ட் சர்வர் பெட்டி மாட்டியிருக்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி டிவைஸ் டிஸ்கிரிப்ஷன் போட்டேன்: 3812, மாடல் 1, போர்ட் 9100, டிரைவர் *ஹெச்பிபிஜேஎல்டிஆர்வி.

லேசரில் 132 காலம் ரிப்போர்ட்டின் வலப்பக்கம் காணாமல் போகுது. ரைட்டர் (கியூவில் உள்ளதை பிரின்டருக்கு அனுப்பும் வேலை) ஓடுகிற நேரத்தில் விண்டோஸ் பிசிக்கள் அதில் பிரின்ட் எடுக்க முடியலை. டாட் மேட்ரிக்ஸில் ஒன்றுமே வரலை. ஒருமுறை பிசியில் மாட்டி எடுத்தபோது 12 அங்குலத் தொடர் தாளில் பக்கத்துக்குப் பக்கம் பில் மேலே ஏறிக்கொண்டே போச்சு. எங்கே தப்பு?

ஸ்பூல்மேஸ்திரி

லேசரை முதலில் முடிப்போம். அந்த மாடலுக்கு பிசிஎல்5 (ஹெச்பியின் பிரின்டர் மொழி) தெரியுமா என்று பாருங்க. விண்டோஸ் டிரைவரை மட்டும் நம்பி ஓடும் மலிவு லேசராக இருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. ஹோஸ்ட் பிரின்ட் டிரான்ஸ்ஃபார்ம் (சர்வரின் ரிப்போர்ட்டை பிரின்டர் மொழிக்கு மாற்றும் பகுதி) அனுப்புவதை அது புரிந்துகொள்ளாது, குப்பை எழுத்துதான் வரும்.

பிசிஎல்5 இருக்கு என்றால், ரைட்டரை நிறுத்தி, டிவைஸை வேரி ஆஃப் பண்ணி (சிஸ்டத்தில் அணைத்து), டிவைஸை மாற்றும் கமாண்டில் எஃப்4 அழுத்துங்க. டிவைஸ் கிளாஸ் *லேன், லேன் அட்டாச்மென்ட் *ஐபி. ஃபார்ம் ஃபீட் *ஆட்டோகட். இங்கே வெறும் *கட் இருந்தால் ஒவ்வொரு தாளுக்கும் மெசேஜ் கேட்டுத் தொலைக்கும். டிரான்ஸ்ஃபார்ம் *யெஸ், மாடல் *ஹெச்பி4, பேப்பர் சோர்ஸ் 1-இல் *ஏ4. இந்தக் கடைசியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

விண்டோஸ் காத்துக் கிடப்பதற்குக் காரணம் இன்ஆக்டிவிட்டி டைமர். *நோமேக்ஸ் என்று இருந்தால் ரைட்டர் நிற்கும்வரை இணைப்பை விடாது. *செக்15 கொடுங்க. வேலை முடிந்து 15 விநாடியில் விட்டுவிடும், மற்றவர்களும் பிரின்ட் எடுக்கலாம்.

வலப்பக்கம் வெட்டுப்படுவது வெறும் கணக்கு. அங்குலத்துக்கு 10 எழுத்து வீதம் 132 எழுத்துக்கு 13.2 அங்குலம் வேணும். ஏ4 படுக்கையில்கூட 11.69தான். பிரின்டர் ஃபைலில் (ரிப்போர்ட்டின் அச்சு அமைப்பு இருக்கும் இடம்) பேஜ் ரொட்டேஷன் 0 என்று யாரோ வைத்திருப்பார்கள். *சிஓஆர் என்று மாற்றினால் பக்கத்தைத் திருப்பி, எழுத்தை 13.3-க்குச் சுருக்கும். 132 காலமும் 10 அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

தொடர்தாள்

டாட் மேட்ரிக்ஸுக்கு அந்த டிரைவரே பொருந்தாது சார். பிஜேஎல் (ஹெச்பியின் பிரின்டர் கட்டளை மொழி) டிரைவர் பிரின்டரிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். டாட் மேட்ரிக்ஸுக்கு பிஜேஎல் பாஷையே தெரியாது, அதனால் ரைட்டர் அங்கேயே நிற்கும். *ஐபிஎம்எஸ்என்எம்பிடிஆர்வி போடலாமா என்று அடுத்து தோணும். அதற்குப் பெட்டி எஸ்என்எம்பி-யில் (நெட்வொர்க் கருவியின் நிலையைக் கேட்கும் முறை) ஹோஸ்ட் ரிசோர்ஸ் எம்ஐபி என்ற தகவல் பட்டியலைத் தரணும், கம்யூனிட்டி பெயர் பப்ளிக் என்று இருக்கணும். சின்னப் பெட்டிகள் பலவற்றில் இது கிடையாது.

ரிமோட் அவுட்கியூ (ரிப்போர்ட்டை நெட்வொர்க் வழியாகப் பெட்டியின் கியூவுக்கே அனுப்பும் வரிசை) போடுங்க. ரிமோட் சிஸ்டம் *இன்ட்நெட்ஏடிஆர், கனெக்ஷன் டைப் *ஐபி, டெஸ்டினேஷன் டைப் *அதர், டிரான்ஸ்ஃபார்ம் *யெஸ், மாடலுக்கு எப்சன் எல்க்யூ வரிசையில் உங்கள் பிரின்டர் எமுலேட் பண்ணுவது. ரிமோட் பிரின்டர் கியூ பெயரை பெட்டியின் மேனுவலில் உள்ளபடியே, சின்ன எழுத்தென்றால் சின்ன எழுத்தாகவே, மேற்கோள் குறிக்குள் அடிக்கணும். குறி போடாவிட்டால் சிஸ்டம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும், பெட்டி கியூ தெரியாது என்று திருப்பி அனுப்பிடும். ஃபயர்வால் இருந்தால் 9100 இல்லை, 515 திறக்கணும்.

பில் ஏறுவதற்குக் காரணம் பக்க நீளம். பிரின்டர் ஃபைலின் இயல்பு 66 வரி. அங்குலத்துக்கு 6 வரி என்றால் அது 11 அங்குலத் தாள். உங்களுடையது 12, ஆக 72 வரி. பக்கத்துக்கு ஒரு அங்குலம் தள்ளிப்போகாமல் என்ன செய்யும்? பிரின்டர் ஃபைலில் பேஜ் சைஸ் 72, 132 என்றும், ஓவர்ஃப்ளோ (அடுத்த பக்கத்துக்குத் தாவும் வரி) 66 என்றும் மாற்றுங்க. பிரின்டரின் டிப் ஸ்விட்சில் 12 அங்குலம் வைத்து மட்டும் பலன் இல்லை. டிரான்ஸ்ஃபார்ம் ஸ்பூல் ஃபைலில் (கியூவில் காத்திருக்கும் ரிப்போர்ட்) உள்ள நீளத்தையே அனுப்பி அதை மாற்றிவிடும். ஏற்கெனவே கியூவில் கிடப்பவை மாறாது, திரும்ப ஓட்டணும்.

பச்சைத்திரை

72 வரி ஆக்கியதும் பில் நேராக நிற்குது, லேசரும் சரியாச்சு. இரண்டு சந்தேகம். ரிமோட் கியூவில் 40-ஆம் பக்கத்தில் தாள் சிக்கினால் அங்கிருந்து மட்டும் எடுக்க முடியுமா? லேசர் ரைட்டர் சில ரிப்போர்ட்டுக்கு எம்எஸ்ஜிடபிள்யூ (மெசேஜுக்குப் பதில் வரக் காத்திருக்கும் நிலை) என்று நிற்குது, பிரின்டரில் ஒரு கோளாறும் இல்லை.

ஸ்பூல்மேஸ்திரி

முதலாவது முடியாது. ரிமோட் கியூ பேஜ் ரேஞ்சைக் கண்டுகொள்ளாது, முழு ஃபைலும் போகும். அனுப்பி முடித்ததும் ஃபைல் கியூவிலிருந்து மறைந்துவிடும், தாளில் விழுந்ததா என்பது சிஸ்டத்துக்குத் தெரியாது. ஸ்பூல் ஃபைலுக்கு சேவ் *யெஸ் வைத்திருங்க. எண் அச்சடித்த பில் தாள் என்றால் எனக்கு ரிமோட் கியூ பிடிக்காது. டாட் மேட்ரிக்ஸை ஒரு பிசியில் மாட்டி, ஆக்சஸ் கிளையன்ட் சொல்யூஷன்ஸில் (ஐபிஎம் ஐ-க்கான பிசி மென்பொருள்) 5250 பிரின்டர் செஷன் திறங்க. அதற்கு சாதாரண ரைட்டர் என்பதால் பேஜ் ரேஞ்சும் அலைன்மென்ட் மெசேஜும் வேலை செய்யும். அந்த பிசி அணையாமல் இருக்கணும், அவ்வளவுதான் தொல்லை.

எம்எஸ்ஜிடபிள்யூ ஃபார்ம் டைப் (தாள் வகைப் பெயர்) விவகாரம். கியூவில் அடுத்து வரும் ஃபைலின் ஃபார்ம் டைப் மாறினால் தாளை மாற்றச் சொல்லி ரைட்டர் மெசேஜ் போட்டுக் காத்திருக்கும். க்யூசிஸ்ஓபிஆர் (சிஸ்டம் ஆபரேட்டர்) மெசேஜ் கியூவில் பாருங்க, தெரியும்.

தொடர்தாள்

லேசருக்கு ரைட்டரைத் தொடங்கும்போது ஃபார்ம் டைப் *ஆல், மெசேஜ் ஆப்ஷன் *நோஎம்எஸ்ஜி என்று கொடுத்துவிடுங்க, கேள்வியே வராது. டாட் மேட்ரிக்ஸில் இதைச் செய்யாதீங்க. பில் தாளில் சம்பளப் பட்டியல் அடித்துவிடும்.