மாணவர் பணிக்குத் தனி நிதி: செமஸ்டருக்கு 50 ரூபாய் வாங்கலாமா?

பொருநைக்கரை:
மாணவர்கள் தாங்களே யோசித்து நடத்தும் சமூக, சுற்றுச்சூழல் வேலைகளுக்கு நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தனியாக ஒரு நிதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, “படிக்கும் பாடத்தின் எடையைக் குறிக்கும் கிரெடிட் ஒன்றுக்கு 50 சென்ட் நாங்கள் தருகிறோம், அதே அளவு நிர்வாகமும் போடட்டும்” என்று முடிவு செய்தார்கள். 2010 முதல் அந்த நிதி ஓடுகிறது. எந்தத் திட்டத்துக்குப் பணம் என்று முடிவெடுக்கும் குழுவில் பாதிப் பேர் மாணவர்கள், பாதிப் பேர் ஊழியர்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 2007-லேயே செமஸ்டருக்கு 5 டாலர் தருவதாக வாக்களித்துப் பசுமை நிதி தொடங்கிவிட்டார்கள்.

இங்கே போட்டுப் பார்ப்போம். இணைவுக் கல்லூரிகளையும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சம் பேர் படிக்கிறார்கள் என்று வையுங்கள். செமஸ்டருக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1 கோடி. பல்கலைக்கழகமும் அதே அளவு போட்டால் 2 கோடி. விடுதிக் கழிவு, ஊர்க் குளம், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்று எத்தனை செய்யலாம்! ஒரு டீ, வடை காசுதானே?

கணக்குப்பிள்ளை:
தம்பி, நான் ஒரு பல்கலைக்கழக நிதிப் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவன். “அதே அளவு பல்கலைக்கழகமும் போட்டால்” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எதை எடுத்துப் போடும்?

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. வரி பாக்கி 424 கோடி என்றார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் வராமல் ஊழியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நாற்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு மாதா மாதம் பென்ஷன் போட வழியில்லாத இடத்தில் குளம் தூர்வார ஒரு கோடி கேட்டால், நிதிக்குழுக் கூட்டத்தில் சிரிப்பார்கள். மக்கில் கதை இங்கே செல்லாது.

அடுத்தது வசூல். அரசு உதவி பெறும் கல்லூரி எதிலாவது கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். விளையாட்டு, நூலகம், இதழ், என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), இளைஞர் செஞ்சிலுவை என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். அதில் இன்னொரு வரியைச் சேர்ப்பது சுலபம். முன்னே சேர்த்த வரிகளின் பணம் எங்கே போனது என்று எந்த மாணவராவது கேட்டதுண்டா?

வித்யா_மூன்றாமாண்டு:
கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு சலாம். ஆனால் கேட்டால் யார் சொல்வார்கள்?

நான் தாவரவியல் படிக்கிறேன், விடுதிவாசி. போன வருடம் நாங்கள் சிலர் மண்புழு உரக் கூடம் போடலாம் என்று கேட்டோம். பெரிய தொகை இல்லை. நாலு தொட்டி, மேலே தகரக் கூரை, எலி வராமல் வலை. “நாக் குழு வருகிறது, செய்வோம்” என்று, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் அந்தக் குழுவை நினைத்து, நிர்வாகம் உடனே சரி சொல்லிவிட்டது. தொட்டிக்கு முன்னே கருப்பு கிரானைட்டில் பெயர்ப்பலகை வந்தது. வலை வரவில்லை. பலகைக்கு ஆன செலவில் வலை இரண்டு முறை வாங்கியிருக்கலாம்.

அப்புறம் போட்டோ. ஜி.பி.எஸ். மேப் கேமராவில்தான் எடுக்க வேண்டும், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி எல்லாம் கீழே தெரிய வேண்டும். சாணம் கரைக்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். குழு வந்து போனது. மே மாதம் விடுதியை மூடினார்கள். தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. ஜூனில் வந்து பார்த்தால் தொட்டியில் காய்ந்த வாழையிலைதான் இருந்தது, ஒரு புழு இல்லை.

இதில் பணம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. அதனால் பொருநைக்கரை அண்ணா சொல்வதில் பாதிக் குழு மாணவர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 50 ரூபாய் அப்புறம்.

முகாம்வாத்தியார்:
நான் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்தவன். புதிதாக ஒரு நிதி எதற்கு? 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இருக்கிறது. தன்னார்வலருக்கு வருடம் 120 மணி நேரம், இரண்டு வருடம், ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். கட்டமைப்பு எல்லாம் தயார். அதற்குப் பணத்தைக் கூட்டிக் கொடுங்கள், போதும்.

எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முகாமுக்குத் தலைக்கு 450 ரூபாய்தான். 50 பேருக்கு 22,500. ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய் சொச்சம். அதற்குள் காலை உப்புமா, மதியம் சாம்பார், இரவு சாப்பாடு, இரண்டு வேளை டீ, பந்தல், மைக் செட், போக்குவரத்து, நிறைவு விழாவுக்கு வரும் பெரியவருக்குச் சால்வை. ஊராட்சித் தலைவர் அரிசி மூட்டை தருவார், மளிகைக் கடைக்காரர் கடனுக்குக் கொடுப்பார். பணம் வர ஆறு மாதமும் ஆகும், அடுத்த முகாமே வந்துவிடுவதும் உண்டு. அதுவரை கைக்காசுதான். 2016 முதல் முழுச் செலவும் மத்திய அரசுடையது என்று மாற்றினார்கள். அதற்கு முன் மாநிலமும் பங்கு போட்டது.

பொருநைக்கரை:
வாத்தியார் சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் என்.எஸ்.எஸ். மாணவர் நடத்தும் திட்டம் இல்லை. முகாமுக்கு எந்த ஊர், என்ன கருப்பொருள் என்பது சுற்றறிக்கையில் வரும். மாணவர் வேலை மண்வெட்டி பிடிப்பது. கலைக் கல்லூரிகளில் விரிவாக்கப் பணிக்குப் பகுதி ஐந்து என்று ஒரு கிரெடிட் இருக்கிறதே, அதற்காகப் பெயர் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

முகாம்வாத்தியார்:
பெயருக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கஜா புயல் சமயத்தில் கிரெடிட்டுக்காகவா போனார்கள்? 2015 சென்னை வெள்ளத்தில்? சுற்றறிக்கை வரும் முன்பே கிளம்பிவிட்டார்கள்.

பனங்காட்டுநரி:
புயல், வெள்ளம் வேறு. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றுச்சூழல் வேலையில் அது அவ்வளவு எளிதில்லை. எனக்கு இந்த நிதியே வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம்.

2017-ல் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. தென்மாவட்டம் முழுக்க அரிவாளும் கடப்பாரையுமாகப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஏப்ரல் கடைசியில் உயர் நீதிமன்றமே வெட்டுவதை இடையில் நிறுத்தி வைத்தது. எடுத்த இடத்தில் என்ன நடுவது, எடுப்பதால் மண்ணுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் பெரிய பேச்சானது. இடைப்பட்ட நேரத்தில் அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ராமநாதபுரத்துக் குடும்பங்களைக் கேட்டவர் யார்?

பனை விதை அடுத்தது. 2023-ல் கடற்கரை மாவட்டங்களில் ஒரு கோடி விதை நட வேண்டும் என்று என்.எஸ்.எஸ். மாணவர்களையும் சேர்த்து இறக்கினார்கள். நல்ல காரியம்தான், பனைக்கு நான் எதிரியா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நட்டால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். ஆனால் விதை முளைத்து மண்ணுக்குள் கிழங்கு இறங்கும். தை பிறக்கும்போது பதமாக இருக்கும். யாராவது தோண்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, பொங்கலுக்குத் தின்றுவிடுவார்கள். காவல் இல்லாத கரையில் நட்ட விதைக்கு அதுதான் கதி. நட்டதைத் தப்பாமல் எண்ணுகிறோம். தப்பிப் பிழைத்ததை எண்ணுவதற்குப் பட்ஜெட்டில் தலைப்பு உண்டா?

பொருநைக்கரை:
அது என் பக்கத்துக்கான வாதம் நரி அவர்களே. பிழைத்ததை எண்ணுவதற்கும் பணம் வேண்டும். இரண்டாவது வருடம் போய்ப் பார்க்கப் பஸ் செலவு யார் தருவது? நாள் குறித்து விழா எடுக்கத்தான் இப்போது பணம் வருகிறது.

பனங்காட்டுநரி:
சரி, தருகிறார்கள் என்றே வைப்போம். ஒன்று சொல்லுங்கள். நொய்யல் தண்ணீரை மாதா மாதம் எடுத்து உப்பு எவ்வளவு என்று அளந்து வெளியிடுகிறோம் என்று திருப்பூர்ப் பக்கத்து மாணவர்கள் விண்ணப்பம் போடுகிறார்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்குப் போன ஆறு அது. இந்த விண்ணப்பத்துக்கு உங்கள் குழு பணம் தருமா? ஊழியர் பாதியில் ஒருவராவது “ஆட்சிக்குழுவில் ஆலைக்காரர் இருக்கிறார், நமக்கு எதற்கு வம்பு” என்று சொல்லாமல் இருப்பாரா? அப்புறம் மரக்கன்று, மஞ்சப்பை, ஓவியப் போட்டி. யாருக்கும் வலிக்காத வேலைகளுக்கு மட்டும் பணம் போகும்.

கணக்குப்பிள்ளை:
அவர் சொன்னதை நான் கணக்கில் சொல்கிறேன். பல்கலைக்கழகப் பணத்தை உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் பொறுப்பாக ஒரு ஊழியர் பெயர் வேண்டும். மாணவர் மூன்று வருடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். தணிக்கைத் தடை, அதாவது செலவின் மேல் தணிக்கைக்காரர் எழுப்பும் ஆட்சேபம், வருவதோ அதற்குப் பிறகு. மாட்டுவது முன்பணம் வாங்கிய பேராசிரியர். பதில் எழுதித் தடையை நீக்கும்வரை ஓய்வூதியப் பலனை நிறுத்தி வைத்த கேஸ்களைப் பார்த்தவன் நான். அதனால் எந்தப் பேராசிரியரும் கையெழுத்துப் போட யோசிப்பார், போட்டால் கடிவாளத்தையும் அவரே பிடிப்பார். மாணவர் தலைமை என்பது விண்ணப்பத்தில் மட்டும் இருக்கும்.

இன்னொன்று. சாணம் விற்கிறவர் ஜி.எஸ்.டி. பில் தருவாரா? மூன்று கொட்டேஷன் எங்கே வாங்குவீர்கள்?

வித்யா_மூன்றாமாண்டு:
ஐயா, சாணம் நாங்கள் காசு கொடுத்தே வாங்கவில்லை 😀

ஆனால் நீங்கள் சொன்ன கையெழுத்துதான் எங்களுக்கு நடந்தது. எங்கள் மேடம் நல்லவர். பெயர் அவர் பெயரில் இருந்ததால் பயந்துகொண்டே இருந்தார்.

எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறு. விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் சோறும் சாம்பாரும் மண்புழுவுக்கு ஆகாது. உப்பும் எண்ணெயும் புளியும் சேர்ந்தால் புழு செத்துவிடும். காய்கறித் தோல் தனியாக, இலை தனியாக, சோறு தனியாகப் பிரிக்க வேண்டும். சோற்றைப் பன்றிப் பண்ணைக்காரர் எடுத்துப்போவார். இதை மூன்று வேளையும் பிரிப்பவர்கள் மெஸ் அக்காமார்கள்தான், நாங்கள் இல்லை. அவர்களுக்கு மாதம் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், மே மாதம் தண்ணீர் தெளிக்கவும் அவர்களில் ஒருவருக்குக் கூலி போடுங்கள் என்று எழுதினோம். “மாணவர் திட்டத்தில் கூலி காட்ட முடியாது” என்று திருப்பி அனுப்பினார்கள். கிரானைட் காட்டலாமாம்.

முகாம்வாத்தியார்:
பாப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகாமிலும் சமையல்காரர் கூலிதான் எப்போதும் இடித்தது. ஆனாலும் சொல்கிறேன், புதிய கட்டணம் வேண்டாம். அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ விருதில் கல்லூரிக்கு முதல் பரிசு 10 லட்சம் தருகிறது. பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்கின்றன. அங்கே போய்க் கேட்கலாமே?

பனங்காட்டுநரி:
சாயப்பட்டறையிடமே கேட்கலாம் என்கிறீர்கள்.

முகாம்வாத்தியார்:
கிண்டல் வேண்டாம் சார். முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை:
விருது என்பது வேலை முடிந்தபின் வரும் பணம். எங்களுக்கு வேண்டியது தொடங்குவதற்கு. கம்பெனிப் பணம் என்றால் அவர்கள் சின்னம் போட்ட பனியன் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாணவர் தன் காசைப் போட்டால்தான் “என் பணம் எங்கே” என்று கேட்க உரிமை வரும். கூலிக்கும் பராமரிப்புக்கும் பாதிக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடலாம். பெயர்ப்பலகைக்கு ஒரு பைசா கிடையாது என்றும் எழுதலாம். பல்கலைக்கழகத்தின் பங்கு இப்போதைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாணவர் பணத்தை மட்டும் வைத்துத் தொடங்குவோம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அது பல்கலைக்கழக நிதி இல்லை, மாணவர் மேல் போடும் வரி. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு 50 ரூபாயும் பணம்தான். உதவித்தொகைக்குக் காத்திருந்து கட்டணம் கட்டுகிறவர்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். டீ, வடை காசு என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக, யார் வாக்களிப்பது? மக்கிலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் சங்கம் இருக்கிறது, அது வாக்கெடுப்பு நடத்தியது. மாணவர் தேர்தல் நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு 2006-லேயே சொல்லியும் நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் தேர்தலே கிடையாது. உங்கள் பாதிக் குழுவுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்?

வித்யா_மூன்றாமாண்டு:
எங்கள் வகுப்புப் பிரதிநிதியைத் துறைத்தலைவர்தான் நியமித்தார். முதல் மதிப்பெண் வாங்கியவள். அவளுக்கே அதில் விருப்பமில்லை.

பொருநைக்கரை:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விடுதி அறைக்கு ஒருவர் என்று குலுக்கல் போடலாமா?

பனங்காட்டுநரி:
குலுக்கல் பரவாயில்லை. நியமனத்துக்கு அது மேல்.

வித்யா_மூன்றாமாண்டு:
நான் வேறொன்று செய்யப்போகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா முதலில் கேட்டாரே, பழைய வரிகளின் பணம் எங்கே போனது என்று. என்.எஸ்.எஸ்., செஞ்சிலுவை, இதழ், மூன்று தலைப்பிலும் எங்கள் கல்லூரி எவ்வளவு வாங்கி எவ்வளவு செலவு செய்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கிறேன். கல்லூரி முதல்வருக்கு எழுத வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
“பொதுத் தகவல் அலுவலர்” என்று எழுதுங்கள் அம்மா, முதல்வர் பெயர் வேண்டாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். “விவரம் தருக” என்று பொதுவாகக் கேட்டால் மழுப்புவார்கள். தலைப்புவாரியாக, கடைசி மூன்று நிதியாண்டுகளுக்கு, வரவு, செலவு, இருப்பு, வவுச்சர் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. வரைவை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.

புதிய கட்டணத்துக்கு நான் எதிர்ப்புதான், அதில் மாற்றமில்லை.