அறுபதாம் கல்யாணப் படம் அத்தனையும் நீலமாக வந்திருக்கிறது, மீட்க வழி உண்டா?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. போட்டோவுக்குத் தனியாக ஆள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டேன். நிக்கான் டி5600, 35 எம்.எம். லென்ஸ், அப்பர்ச்சர் மோட்.

முதல்நாள் ராத்திரி லாட்ஜில் அத்தைகள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்ததை எடுத்தேன். படம் ரொம்ப மஞ்சளடித்ததால் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை இன்கேண்டசென்டுக்கு, அதாவது பல்பு வெளிச்சத்துக்கு, மாற்றினேன். பல்பைச் சுற்றி வெளுத்துப்போகாமல் இருக்க படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1.3-இல் வைத்தேன். மறுநாள் காலை இரண்டையும் பழையபடி மாற்ற மறந்துவிட்டேன். வியூஃபைண்டரில் எல்லாம் இயல்பாகத்தான் தெரிந்தது. வெயிலில் பின்பக்கத் திரை சரியாகத் தெரியாததால் சந்தேகமும் வரவில்லை.

மொத்தம் 412 படம். எல்லாம் ஜேபெக் ஃபைன், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைல் ஒன்றுகூட இல்லை. கலச அபிஷேகம் முழுக்க நீலமும் இருட்டுமாக இருக்கிறது. போனில் ஆட்டோ கரெக்ஷன் போட்டுப் பார்த்தேன், முகமெல்லாம் சாம்பல் பூசினதுபோல ஆகிவிட்டது.

இதில் ஒரு படம் எனக்கு மிக முக்கியம். 86 வயது அப்பத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தோம். அவர் அப்பா அம்மா தலையில் அட்சதை போடுகிற நொடி ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கிறது. அதையாவது மீட்டுவிட வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கும்பகோணம் ஸ்டுடியோ

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள் அம்மா. மெமரி கார்டை எடுத்துத் தனியாக வையுங்கள், அதில் இனி எதுவும் எடுக்க வேண்டாம். 412 படத்தையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி போட்டு, அந்த ஃபோல்டரைத் தொடாதீர்கள். வேலையெல்லாம் இன்னொரு காப்பியில்தான் நடக்க வேண்டும். போனில் திறந்து "சேவ்" கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஜேபெக் மறுபடி அழுத்தப்பட்டுத் தரம் குறையும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கினவை இந்த வேலைக்கு உதவாது, அவை சுருங்கிப் போனவை.

ஃபிலிம் காலத்தில் இதே நீலத்தை நான் பார்த்திருக்கிறேன். பல்பு வெளிச்சத்துக்கான டங்ஸ்டன் ஃபிலிமை வெயிலில் போட்டால் இப்படித்தான் வரும். அதற்கென்றே 85பி என்று ஆரஞ்சு நிற ஃபில்டர் வைத்திருப்போம். மாட்ட மறந்த ரோலை லேபில் கொடுத்தால், பிரிண்ட் போடும்போது எவ்வளவு திருத்த முடியுமோ அவ்வளவு திருத்துவார்கள். உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது, பதற வேண்டாம்.

பச்சை சேனல்

என்ன நடந்தது என்று தெரிந்தால் திருத்துவது சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். டி5600-இல் இன்கேண்டசென்ட் என்றால் 3000 கெல்வின். பல்பு வெளிச்சத்தில் சிவப்பு தாராளமாகவும் நீலம் பஞ்சமாகவும் இருக்கும் என்பதால், கேமரா நீலத்தைத் தூக்கி சிவப்பைக் கட்டுப்படுத்தும். வெயிலுக்கான அளவு 5200 கெல்வின். அங்கே நீலம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, அதையும் தூக்கிவிட்டது. ரா ஃபைலாக இருந்தால் இது வெறும் குறிப்பாக மட்டும் பதிவாகியிருக்கும், ஒரு நொடியில் மாற்றிவிடலாம். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் 256 படிகள்தான், கணக்கும் முடிந்து படத்திலேயே கலந்துவிட்டது.

ஆனால் உங்கள் இரண்டாவது பிழை முதல் பிழையைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறது. மைனஸ் 1.3 இல்லாமல் சரியான வெளிச்சத்தில் எடுத்திருந்தால், வெள்ளையான இடங்களில் எல்லாம் நீலம் கடைசிப் படியான 255-ஐ முட்டி நின்றிருக்கும். முட்டின இடத்தில் விவரமே இருக்காது. இருட்டாக எடுத்ததால் உங்களுக்குப் பெரும்பாலும் நீலம் முட்டவில்லை.

டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். அதில் எக்ஸ்போஷரை பிளஸ் 1.3 ஏற்றுங்கள். பிறகு கலர் கேலிபரேஷன் பகுதியில் உள்ள பிக்கரால், நிஜத்தில் சாம்பல் அல்லது வெள்ளையாக இருந்த ஒரு இடத்தைப் பெட்டி போட்டுக் காட்டுங்கள். மூலப் படத்தை அது தொடாது, மாற்றங்களைத் தனி ஃபைலில் எழுதிவைக்கும். லைட்ரூம் வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள், ஜேபெக்குக்கு அங்கே கெல்வின் எண் வராது, மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை உள்ள ஸ்லைடர்தான் வரும்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. டார்க்டேபிளில் செய்து பார்த்தேன், நீலம் போய்விட்டது! ஆனால் அப்பாவின் வேட்டியைக் காட்டி எடுத்தால் படமே நீலச்சாயலில் நிற்கிறது. குருக்கள் மேல்துண்டைக் காட்டினால் எல்லாம் மஞ்சளாகப் போகிறது. எதை நம்புவது?

கும்பகோணம் ஸ்டுடியோ

இரண்டையும் நம்ப வேண்டாம். அப்பா கட்டியிருந்தது பட்டு வேட்டியாகத்தான் இருக்கும், அதன் நிறம் சந்தனம். அதை வெள்ளை என்று சொன்னால் மென்பொருள் அதில் இருக்கிற மஞ்சளை எடுத்துவிடும், படம் நீலமாகும். துண்டு பருத்தி. நம் வீடுகளில் சொட்டு நீலம் போட்டு அலசுகிற துணி வெயிலில் இலேசாக நீலம் காட்டும். அதை வெள்ளை என்றால் இந்தப் பக்கம் மஞ்சள் ஏறும். எவர்சில்வர் குடமும் வேண்டாம், சுற்றி இருக்கிற புடவை நிறத்தையெல்லாம் அது வாங்கிக் காட்டும்.

கோயிலில் நம்பக்கூடியது கருங்கல் தூண்தான். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் குங்குமமும் படாத, காய்ந்த பகுதியாகப் பாருங்கள். முகத்தில் விழுகிற அதே வெளிச்சம் தூணிலும் விழ வேண்டும். வெயிலில் நிற்கிற முகத்துக்கு நிழலில் இருக்கிற தூணைக் காட்டினால் மறுபடி தப்பும்.

பச்சை சேனல்

ஐயா சொன்னதோடு ஒரு சோதனை. திருத்தின பிறகு கன்னத்தின் மேல் கலர் பிக்கரை வைத்து எண்களைப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். இந்த வரிசை மாறினால் திருத்தம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கண்ணை மட்டும் நம்பினால், பத்து நிமிடம் நீலப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரியும்.

ஒரு படம் சரியானதும் அந்த மாற்றங்களைக் காப்பி செய்து அதே இடம், அதே நேரத்துப் படங்களுக்கு ஒட்டலாம். 412-க்கும் ஒரேயடியாக ஒட்ட வேண்டாம். மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தவை ஏற்கெனவே சரியான நிறத்தில் இருக்கும், அவற்றுக்கு எக்ஸ்போஷர் மட்டும் போதும்.

நிலாமுற்றம்

தூண் வேலை செய்தது! அபிஷேகப் படங்கள் நிறையவே தேறிவிட்டன. அம்மாவின் அரக்குப் புடவை அரக்காகவே தெரிகிறது.

அப்பத்தா படம்தான் இன்னும் வரவில்லை. அவர் மண்டப ஓரத்தில் நிற்கிறார், முகத்தின் பாதியில் வெளி வெளிச்சம், பாதியில் உள்ளே இருக்கிற பல்பு. ஒரு பாதியைச் சரிசெய்தால் மறுபாதி ஆரஞ்சாகிறது. நிழல் பக்கம் கன்னத்தில் சிவப்புச் சிவப்பாகத் திட்டும் விழுகிறது. ஒரு தோழி ஏஐ ஆப்பில் போட்டால் சுத்தமாக வரும் என்கிறாள்.

கும்பகோணம் ஸ்டுடியோ

அந்த ஆப் வேண்டாம் அம்மா. என்னிடம் பெரியவர்கள் படத்தை அதில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். சுருக்கத்தைத் துடைத்துவிடும், இல்லாத பல்லை வைக்கும், கண்ணை மாற்றும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வீட்டு ஆளுக்கு அது யாரோ மாதிரி இருக்கும். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு படம்.

பச்சை சேனல்

திட்டு வருவதற்குக் காரணம், சிவப்பைக் கேமரா அமுக்கிவிட்டது, நீங்கள் 1.3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) இருட்டாகவும் எடுத்தீர்கள். இரண்டையும் சேர்த்தால் சிவப்பை மட்டும் சுமார் இரண்டு ஸ்டாப் தூக்கவேண்டி வருகிறது. நிழலில் ஜேபெக் அதற்குப் போதுமான விவரம் வைத்திருக்காது. நிற விவரத்தை அது வெளிச்ச விவரத்தைவிட அதிகமாகச் சுருக்கியும் வைக்கும்.

வண்ணத்தில்தான் வேண்டும் என்றால், கலர் கேலிபரேஷனை இரண்டு தடவை போடுங்கள். ஒன்று வெளி வெளிச்சத்துக்கு, இன்னொன்று பல்பு பக்கத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் முகத்தின் அந்தந்தப் பாதிக்கு மட்டும் மாஸ்க் (திருத்தம் படவேண்டிய இடத்தின் எல்லை) வரைந்து, ஓரத்தை நன்றாகக் கரைத்துவிடுங்கள். மூக்குத் தண்டின் மேல் கோடு தெரியாமல் வரப் பொறுமை வேண்டும். நிற இரைச்சலை, அதாவது நிறத்திட்டுகளை, மட்டும் குறையுங்கள், வெளிச்ச இரைச்சலான பொடிப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தோல் மெழுகாகிவிடும்.

அதோடு, என் பேச்சைக் கேட்டு ஒரு கருப்பு வெள்ளைப் பிரதியும் எடுத்துப் பாருங்கள். திருத்தின படத்திலிருந்து அல்ல, மூலத்திலிருந்தே. கலர் கேலிபரேஷனில் கிரே என்ற பகுதியில் பச்சைக்கு 1, மற்ற இரண்டுக்கும் 0. உங்கள் படத்தில் சிவப்பு பஞ்சத்தில் இருக்கிறது, நீலம் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது, இந்தக் குளறுபடியில் அதிகம் அடிபடாதது பச்சை. சென்சாரின் புள்ளிகளில் பாதி பச்சைக்கென்றே இருப்பதால் விவரமும் அதில்தான் அதிகம். இரண்டு விதமான வெளிச்சமும் அதில் ஒரே சாம்பலாகிவிடும்.

வெயில்நேரம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என்னிடமும் டி5600 இருக்கிறது. காம்பன்சேஷனும் ஒயிட் பேலன்ஸும் கேமராவை அணைத்தாலும் அப்படியே நிற்கும். பச்சைப் புள்ளி போட்ட மெனு, இன்ஃபோ பட்டன்கள் இரண்டையும் சேர்த்து இரண்டு நொடிக்கு மேல் அழுத்தினால் முக்கிய செட்டிங்ஸ் பழைய நிலைக்குப் போய்விடும். விசேஷத்தன்று காலை பேட்டரி போட்டதும் நான் முதலில் செய்வது இதுதான், அப்புறம் ரா பிளஸ் ஜேபெக். 32 ஜிபி கார்டு ஒன்று கூடுதலாக வாங்கினால் போதும்.

நிலாமுற்றம்

மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். வண்ணப் பிரதியில் நிழல் கன்னம் இன்னும் கொஞ்சம் திட்டாகத்தான் இருக்கிறது, ஆல்பத்தில் சின்ன அளவில் போட்டால் தெரியாது. கருப்பு வெள்ளையில் அட்சதை விழுகிற அரிசி மணிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அதையே 8-க்கு 12 பிரிண்ட் போடக் கொடுத்தேன்.

நேற்று அப்பத்தாவிடம் காட்டினோம். படத்தைக் கண்ணருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "என் மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுதேடி" என்றார். இப்போது அது அவர் தலைமாட்டில் இருக்கிறது.

மண்டபத்துப் படங்கள் நூற்றுச் சொச்சம் பாக்கி. அவற்றில் தீபாராதனைப் படங்களை மட்டும் அந்த மஞ்சளோடேயே விட்டுவிடலாமா?

கும்பகோணம் ஸ்டுடியோ

விட்டுவிடுங்கள் அம்மா. கற்பூர வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும்.