வீட்டுச் செபக்குழுவை இரண்டாகப் பிரிக்க ஆலோசனை தேவை

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் எங்கள் சபையின் வீட்டுக்குழு ஒன்றை நடத்துகிறேன். புதன்கிழமை பின்னேரங்களில் வீடு மாறி மாறிக் கூடுவோம். கர்த்தருடைய கிருபையால் இப்போது விறாந்தை கொள்ளாத சனம். ஆனால் ஆட்கள் கூடக் கூட, வாய் திறப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வேதப்பகுதியை வாசித்து ஒரு கேள்வி கேட்டால், ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா ஒருவரே முழுப் பதிலையும் சொல்லி முடித்துவிடுகிறார். ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகள் பாயில் குனிந்தபடி இருக்கிறார்கள். ஐயாவின் மனம் நோகாமல் மற்றவர்களையும் கதைக்க வைப்பது எப்படி?

எனக்குப் பெரிய கவலை வேறு. தேநீரோடு தொடங்கியது ரோல்ஸ், கேக் என்று வளர்ந்துவிட்டது. கூலிவேலைக்குப் போகிற குடும்பங்கள் “எங்கட வீட்டில வேண்டாம்” என்று ஒதுங்குகின்றன. வேதத்தில் அப்போஸ்தலர் 2:46, முதல் விசுவாசிகள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள் என்றுதான் சொல்கிறது. வசதியான வீடுகளில் என்று இல்லையே. பிளேன்டீ (பால் இல்லாத தேநீர்) மட்டும் என்று ஒழுங்கு வைத்த குழுக்கள் இருக்கின்றனவா?

பிரிப்பதற்குப் போதகர் சம்மதித்துவிட்டார். ஊர்ப்பகுதி பார்த்துப் பிரிப்பதா, வயது பார்த்தா? அம்மம்மாவும் பேரனும் ஒரே இடத்தில் செபிப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். புதிய குழுவுக்கு நடத்துநரை எப்படிப் பழக்கினீர்கள் என்றும் எழுதுங்கள். அடுத்த மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.